மாலையோடு அம்பத்தூரில் இறங்கியவன்

தினகரன் இறந்துபோன செய்தியை அவன் அப்பா ஏகாம்பரம்தான் எனக்குச் சொன்னார். அன்று நண்பகலில் அவனிடமிருந்து வழக்கமாக வரும் ஒற்றை வரி வரவில்லை. வேலை மும்முரத்தில் இருப்பான் என்று விட்டுவிட்டேன். பூந்தமல்லியைத் தாண்டி, நெடுஞ்சாலையோரம் இருக்கும் கண்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினேன்.

"தினா போயிட்டாம்பா," என்றார். "அம்பத்தூர் ஆபீஸ்லயே. மாரடைப்புன்னு சொல்றாங்க. நீ கொஞ்சம் வர்றியா?"

ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டிக்கொண்டு போகும்போதுதான் எனக்கு அது உறைத்தது. அவரைப் பொறுத்தவரை தினகரன் நடுக்கடலில் இருக்க வேண்டியவன். அம்பத்தூருக்கு எப்படி வந்தான் என்று அவர் கேட்கவே இல்லை.

இதைப் படிக்கும் உங்களில் சிலர் எங்களோடு படித்தவர்கள். மற்றவர்கள் ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அவன் வளர்ந்ததைப் பார்த்தவர்கள். படித்தவர்களுக்கு அவன் கப்பல் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தவன். குவார்ட்டர்ஸ்காரர்களுக்கு அவன் கடல் கடலாகச் சுற்றியவன். சாவு வீட்டில் இரண்டு கூட்டமும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஆளுக்கொரு தினகரனுக்காக அழுதது. மறுநாள் ஏகாம்பரம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "நீயே எழுதிடுப்பா. எல்லாரும் ஒரே கதையாத் தெரிஞ்சிக்கட்டும்," என்றார். அவர் சொன்னதால் எழுதுகிறேன்.

கப்பல் நிர்வாகத்தில் முதுகலை படிக்க நாங்கள் சேர்ந்தபோது அவன் கையில் மெக்கானிக்கல் பட்டம் இருந்தது, வேலை இல்லை. சேர்க்கை நேர்காணலில் ஏன் இந்தத் துறை என்று எல்லோரையும் கேட்டார்கள். நாங்கள் உலக வணிகம், வளரும் துறை என்று மனப்பாடம் செய்ததை ஒப்பித்தோம். அவன், "எங்க குவார்ட்டர்ஸ்ல எல்லாரும் ஃபேக்டரி கேட்டுக்குள்ள போயி அதே கேட்டு வழியா வர்றாங்க சார். எனக்கு எங்கயாச்சும் போயி வர்ற மாதிரி ஒரு வேலை வேணும்," என்றான். கேட்டவர் சிரித்துவிட்டார். வெளியே வந்து எங்களிடம் அதைச் சொல்லிவிட்டு, இடம் கிடைக்காது மச்சான் என்று டீ வாங்கிக் கொடுத்தான். கிடைத்தது.

அந்தப் படிப்பு யாரையும் கப்பலில் ஏற்றாது. கப்பலுக்குச் சரக்கு பிடிப்பது, துறைமுகத்தில் இடம் பார்ப்பது, எண்ணெய் ஏற்பாடு செய்வது, எல்லாம் கரையிலிருந்தே நடத்தும் வேலை. முதல் வாரமே அது எங்களுக்குப் புரிந்துவிட்டது. வீட்டில் புரியவைப்பதுதான் பெரும்பாடு. பூந்தமல்லியில் இரும்புக்கடை வைத்திருக்கும் என் வாப்பா, வாடிக்கையாளர்களிடம் என்னை ஹார்பர் ஆபீசர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். தினகரனுக்கு அம்பத்தூரில் வேலை கிடைத்ததும் அவன் அப்பா ஃபேக்டரியில் ஸ்வீட் கொடுத்து, பையனுக்குக் கப்பல் கம்பெனியில் வேலை என்றார். சாயங்காலம் அந்தச் செய்தி குவார்ட்டர்ஸைச் சுற்றி வந்தபோது கம்பெனி உதிர்ந்துபோய்க் கப்பல் மட்டும் மிச்சமிருந்தது.

அடுத்து நடந்ததை நான் பாதிதான் பார்த்தேன். திருவேற்காட்டில் நானும் அவனும் சேர்ந்து ஓர் அறை எடுத்திருந்தோம். பெட்டியோடு வருகிறேன், அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு வண்டி கொண்டுவா என்று சொல்லியிருந்தான். போய் நின்றேன். மின்சார ரயிலிலிருந்து நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ரோஜா மாலை, ஒரு கையில் ட்ரங்குப் பெட்டி, இன்னொரு கையில் ஊறுகாய் ஜாடியோடு இறங்கினான். ஆவடி பிளாட்பாரத்துக்கு ஒரு தெருவே திரண்டு வந்து வழியனுப்பியிருக்கிறது. அலையில் ஜாக்கிரதை என்று சொல்லி ஒரு கிழவர் இவன் கையில் திருநீற்றுப் பொட்டலத்தைத் திணித்திருக்கிறார்.

எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அத்தினி பேர் வந்துட்டாங்க மச்சான்," என்றான். "அப்பா மூஞ்சியப் பாத்தேன். அப்படி ஒரு மூஞ்சிய நான் பாத்ததே இல்ல. எப்படிச் சொல்றது?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவதாக இருந்தான். அந்த ஞாயிறு வரவே இல்லை.

அவன் கம்பெனி நடத்திய கப்பல்களில் ஒரு நிலக்கரிக் கப்பல் உண்டு. அவன் அதைத் தன் கப்பலாக வைத்துக்கொண்டான். ஒவ்வொரு கப்பலும் தினமும் நண்பகலில் தான் இருக்கும் இடம், காற்று, அலை, மிச்சமுள்ள எண்ணெய் எல்லாவற்றையும் எழுதிக் கரைக்கு அனுப்ப வேண்டும். அதை வாங்கிப் படிப்பதுதான் அவன் வேலையின் பெரும்பகுதி. அம்மா போனில் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் அந்தக் கப்பல் இருக்கும் இடத்தைச் சொல்வான். காற்று அடித்தால் அடிக்கிறது என்பான். அமைதியாக இருந்தால் அமைதி என்பான். வானிலையில் மட்டும் பொய் சொல்ல மாட்டான். அந்தக் கப்பலின் மாலுமிகள் லீவில் இறங்கும்போது இவனும் சாக்லேட் டப்பாவோடு வீட்டுக்குப் போவான். கம்பெனியில் பயிற்சி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே ஆபீஸுக்கும் போய்வருவான். மாலுமிகளுக்கு லீவில் பயிற்சி இருப்பது வழக்கம்தான் என்பதால் யாரும் சந்தேகப்படவில்லை.

ஒரு பொங்கலன்று அந்தக் கப்பல் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே இடம் கிடைக்காமல் காத்துக்கிடந்தது. பக்கத்து வீடுகளில் பானை பொங்கிக்கொண்டிருக்க, இவன் அறையில் பாயைச் சுருட்டாமல் படுத்திருந்தான். என் உம்மா கொடுத்தனுப்பிய சாப்பாட்டை வைத்துவிட்டு, ஒரு பஸ் பிடித்தால் வீடு, போய்விட்டு வாடா என்று அதட்டினேன்.

"கப்பல் நங்கூரம் போட்டுகினு கீது மச்சான். நான் மட்டும் எப்படிப் போறது?" என்றான். கிண்டலாகத்தான் ஆரம்பித்தான். முடிக்கும்போது அவன் முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

எனக்குக் கல்யாணமாகி நான் பூந்தமல்லிக்கே திரும்பிவிட்டேன். அவன் தனியாக அங்கேயே இருந்தான். பெண் பார்க்கிறோம் என்று வீட்டில் ஆரம்பித்தபோதெல்லாம் தட்டிக்கழித்தான். கட்டிக்கொண்டு வருகிற பெண்ணையும் பொய்யாகத் தன்னைக் கடலுக்கு வழியனுப்ப வைக்க அவனால் முடியாது. அப்பா ரிட்டையர் ஆகட்டும், சொல்லிவிடுகிறேன் என்றான். அவர் ரிட்டையர் ஆகிப் பட்டாபிராமில் வீடு கட்டினார். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் முடியட்டும் என்றான். அதுவும் முடிந்தது.

நான் அறையைக் காலி செய்த வாரத்தில்தான் அந்த ஒற்றை வரி வரத் தொடங்கியது. முதல் செய்தி: "திருவேற்காடு. காத்து இல்ல. தண்ணி லாரி வந்துச்சு." விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாளும் நண்பகலில் வந்தது: "அம்பத்தூர் எஸ்டேட். மேகம். சாம்பார் சரியில்ல." எதற்குடா இது என்று போனில் கேட்டேன். "எங்க கீறோம்னு ஒரு நாளைக்கு ஒரு தபா யாருக்காச்சும் சொல்லணும் மச்சான். இல்லன்னா கப்பல் காணாம போன மாதிரிதான்," என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நானும் சரிடா என்று பேச்சை மாற்றினேன். அன்றிலிருந்து அவன் அனுப்புவதும் நான் ஒரு கட்டைவிரல் படம் போடுவதும் நிற்காமல் நடந்தது.

காரியம் முடிந்த அன்று அவன் அம்மா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அழுது முடித்திருந்தார்.

"அப்போ அந்த அலை, காத்துன்னு சொன்னதெல்லாம்?" என்று கேட்டார்.

"அதெல்லாம் நிஜம்மா," என்றேன். "அவன் கப்பல்ல அன்னிக்கு அப்படித்தான் இருந்திருக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அலை பெரிதாக இருக்கிறது என்று அவன் சொன்ன நாட்களில் எல்லாம் விளக்கேற்றி வைத்தாராம். அந்தக் கப்பலில் இருந்த யாரோ இருபது பேருக்கு இவர் விளக்கு வைத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

ஏகாம்பரம் அப்பா தெருமுனை வரை என்னோடு நடந்து வந்தார். ஆஸ்பத்திரி போகும் வழியில் உறைத்ததை அப்போது கேட்டேன். அம்பத்தூர் என்றதும் உங்களுக்கு ஆச்சரியமாக இல்லையா என்றேன்.

அவருக்குத் தெரியும். ஓர் ஆடி மாதம் திருவேற்காடு கோயிலுக்கு வந்தவர், டிபன் கடையில் பார்சலுக்குக் காத்து நின்ற மகனைப் பார்த்திருக்கிறார். அன்று காலைதான் அவன் அம்மாவிடம் நடுக்கடலில் இருப்பதாகச் சொல்லியிருந்தான். முதலில் கோபம்தான் வந்ததாம். பின்னாலேயே போய் அந்த அறையைப் பார்த்திருக்கிறார். கூப்பிடாமல் திரும்பியிருக்கிறார். அதற்குப் பிறகும் அவ்வப்போது சாமி கும்பிடப் போவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு, எதிர்ப்பக்க டீக்கடையில் நின்று மகன் ஆபீஸ் விட்டு வருவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

"ஒரு தடவ கூப்பிட்டிருக்கலாமேப்பா," என்றேன்.

"நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா, வர்ற லீவுக்குக்கூட வராம போயிடுவானோன்னு பயம்," என்றார். தெருமுனை வந்ததும் நின்றார். "கப்பல்ல போனவன்னா கப்பலே கொண்டாந்து சேத்துடும். பக்கத்துலயே கெடந்தவன நான்தான் வாடான்னு கூப்பிட்டிருக்கணும்."

அவர் கைகளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவன் நினைவாக நான் பொருள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அறையைக் காலி செய்தபோது அந்த ட்ரங்குப் பெட்டியை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். ஆனால் நண்பகல் வந்தால் கை தானாகப் போனுக்குப் போகிறது. சில நாள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியவில்லை. போன வாரம் ஏகாம்பரம் அப்பாவின் எண்ணுக்கு எழுதினேன்: "பூந்தமல்லி. வெயில். மெட்ரோ வேலையில் ரோடெல்லாம் புழுதி." என்ன ஏது என்று நான் விளக்கம் எழுதவில்லை. அவர் வெகுநேரம் தட்டச்சு செய்துகொண்டிருப்பதாகப் போன் காட்டியது.

பிறகு வந்தது: "பட்டாபிராம். காத்து இல்ல. ஊட்லதான் கீறோம், நீ வாப்பா."