சத்தம் போடக் கூடாத பரண்

கிரீஸ் வாசம் அடிக்கும் புத்தகத்தை உங்களில் யாராவது படித்திருக்கிறீர்களா? நான் முதன்முதலாகப் படித்த விண்வெளிக் கதையில் அந்த வாசம்தான் அடித்தது. பக்கத்தைப் புரட்டினால் விரலில் கருப்பு ஒட்டும், அந்த விரலை மோந்து பார்த்தால் தொப்பூர் கணவாயில் அப்பா வைத்திருந்த பஞ்சர் கடை அப்படியே மூக்கில் ஏறும். அதனாலேயே இன்றைக்கும் யாராவது ராக்கெட், வேற்றுக் கிரகம் என்று பேச்செடுத்தால் எனக்கு வானம் நினைவுக்கு வருவதில்லை. லாரி டயரும் பால் பிடித்த சோளக் கதிரும்தான் வரும்.

தருமபுரியில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் என் வீட்டுப் புத்தக அலமாரிக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் வந்து குடைந்து எதையாவது எடுத்துக்கொண்டு போவார்கள். "அக்கா, இவன் செல்போனே கதின்னு கிடக்கறான், ராக்கெட் கதை ஏதாச்சும் இருந்தா குடுங்க" என்று அம்மாக்களும் வருவதுண்டு. பேய்க் கதை, துப்பறியும் கதை என்றால் யோசிக்காமல் எடுத்து நீட்டிவிடுவேன். விண்வெளிக் கதை என்றால் மட்டும் கை தயங்கும். முதலில் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்ப்பேன். பிறகு அந்தப் பிள்ளையிடம், வீட்டில் உனக்கு ஏதாவது வேலை சொல்லியிருக்கிறார்களா என்று விசாரிப்பேன். புத்தகம் கேட்டு வந்த பிள்ளையிடம் எந்தப் பைத்தியக்காரியாவது இப்படிக் கேட்பாளா? நான் கேட்பேன். என் ஆயுளில் நான் முதன்முதலாக ஒருத்திக்குச் சிபாரிசு செய்தது விண்வெளிக் கதைதான். அந்தச் சிபாரிசில் ஒரு கொல்லைச் சோளம் போயிற்று, அவள் படிப்பும் போயிற்று.

அவள் காவேரி, என் அத்தை மகள். பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இரண்டு பேரும் அப்போது ஐந்தாம் வகுப்பு, ஒரே பெஞ்சு. அப்பாவின் தங்கையான அத்தைக்கு ஊருக்கு வெளியே கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது, எங்கள் பக்கம் அதைக் "கொல்லை" என்போம். மாமா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர், குடும்பத்தையும் அங்கேயே வரச்சொல்லி ஆள்மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தார். அத்தை அசைந்து கொடுக்கவில்லை. "வூட்டுல சோளம் இருந்தா நான் எதுக்கு ஊரு வுட்டு ஊரு போவணும்?" என்பதுதான் அவர் பதில். வருசத்துக்குக் களி கிண்ட வீட்டில் தானியமும், மாட்டுக்குப் போடக் காய்ந்த சோளத்தட்டும் இருந்தால் அத்தை ஊரில் இருப்பார், அத்தை இருந்தால் காவேரி பள்ளிக்கூடம் வருவாள். இந்தக் கணக்கு எனக்கும் தெரியும், காவேரிக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை.

அந்த மார்கழியில் அரையாண்டு விடுமுறை விட்ட சமயத்தில்தான் சோளம் பால் பிடித்திருந்தது. கிளி வருகிற காலம். கொல்லையின் நடுவில் நாலு கம்பை நட்டு, மேலே சோளத்தட்டு பரப்பி அத்தை ஒரு பரண் போட்டுக் கொடுத்தார். எங்களுக்கு அதன்மேல் உட்கார்ந்து தகர டப்பாவைக் குச்சியால் தட்டுவதும், "ஊய்... ஊய்..." என்று தொண்டை கிழியக் கத்துவதும்தான் வேலை. பிள்ளைகளுக்கு இதைவிடச் சுகமான வேலை உலகத்தில் உண்டா? கத்தாதே என்று சொல்கிற ஊரில் கத்து என்று சொல்லி உட்கார்த்தி வைக்கிறார்கள்! காலையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு பனி விலகும் முன்பே ஏறிவிடுவோம், வெயில் ஏறுகிற வரைக்கும் கத்தல்தான்.

அந்த வாரம்தான் அப்பா கடையிலிருந்து புத்தகத்தைக் கொண்டுவந்தார். டயர் மாற்ற நின்ற லாரியிலிருந்து யாரோ ஒரு கிளீனர் போட்டுவிட்டுப் போனது. கடையில் வேலை செய்தவர்கள் கை துடைக்க முன்பக்கங்களைக் கிழித்துவிட்டிருந்தார்கள். அட்டை இல்லை, பெயர் இல்லை, எழுதியது யாரென்றும் தெரியாது. கதை எடுத்த எடுப்பிலேயே, தூரத்துக் கிரகத்துக்குப் போகிற கப்பலில் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கும்போது கல்மழை வந்து மோதுவதில் ஆரம்பித்தது. நான் அன்றைக்குச் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கவில்லை, முதல் சில அத்தியாயத்தோடு அம்மா புத்தகத்தைப் பிடுங்கி வைத்தார், நன்றாக வாங்கியும் கட்டிக்கொண்டேன்.

மறுநாள் அதைப் பரணுக்கு எடுத்துப் போனேன். காவேரிக்கு ராக்கெட்டில் ஆர்வம் கிடையாது, அவள் பேய்க் கதைக்காரி. நான் எவ்வளவோ பீற்றிக்கொண்டேன், பேயெல்லாம் இதன் முன்னால் தூசு என்றேன், இதைப் படிக்காவிட்டால் நீ பிறந்ததே வீண் என்கிற அளவுக்குப் போனேன். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், அதில் போகிறவர்கள் சோற்றுக்கு என்ன செய்வார்கள் என்று. மாத்திரை சாப்பிடுவார்கள் என்று சொன்னதும், "களி திங்காம அவ்ளோ தூரம் போவாங்களா?" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். ஒரு பக்கம் மட்டும் கேள் என்று கெஞ்சினேன். போனால் போகிறதென்று கேட்டாள். அந்தப் பக்கம் முடிந்ததும் டப்பாவைத் தட்டாமல், "ம், அப்புறம்?" என்றாள். அப்போது எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதற்காகத்தான் இன்றைக்கும் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருக்கிறேனோ என்னவோ.

அதிலிருந்து நான் படிப்பேன், அவள் தட்டுவாள். இதில்தான் வந்தது வினை. காவேரி கடமை தவறாதவள். நான் ஒரு வாக்கியம் முடித்தால் டப்பாவில் ஒரு தட்டு, ஒரு கூவல், பிறகு "ம், அப்புறம்?" கப்பல் ஓட்டையாகி எல்லாரும் மூச்சுக்குத் தவிக்கும்போது காதருகில் "ஊய்" என்றால் எப்படி இருக்கும்? எனக்குப் பொறுக்கவில்லை. நல்லவேளையாக, கெட்டவேளையாக என்று சொல்ல வேண்டும், அடுத்த அத்தியாயத்திலேயே விண்வெளியில் காற்று இல்லாததால் சத்தம் கேட்காது என்று போட்டிருந்தது. உடனே நான் சட்டம் போட்டேன். இனிமேல் இந்தப் பரண்தான் கப்பல், நான்தான் தலைவி, கப்பலைச் சுற்றி இருப்பது விண்வெளி, ஆகவே டப்பா தட்டக் கூடாது, வாயைத் திறந்தால் உள்ளே இருக்கிற காற்றெல்லாம் போய்விடும் என்றேன். காவேரி கதிர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குச்சியை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளை விளையாட்டு என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள். எனக்குத்தான் தெரியும், அதில் விளையாட்டும் இல்லை, விஞ்ஞானமும் இல்லை. இடைஞ்சல் இல்லாமல் படிக்க வேண்டும் என்கிற சுயநலம், அவ்வளவுதான். கிளியை விரட்ட உட்கார்த்தி வைத்த இடத்தில் சத்தத்துக்குத் தடை போட்ட புத்திசாலி இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கதையில், கப்பலின் ஓட்டையை அடைக்க ஒருவன் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வெளியே இறங்குகிறான். வேலை முடிகிற நேரத்தில் கயிறு அறுந்துபோகிறது. அவன் கத்துகிறான், கத்துவது யாருக்கும் கேட்கவில்லை, உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியவில்லை, கப்பல் கொஞ்சம் கொஞ்சமாக அவனை விட்டு விலகுகிறது. நான் குரலைத் தாழ்த்தி, எழுத்தெழுத்தாக நீட்டிப் படித்தேன். காவேரி என் தோளில் மோவாயை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தைத் திருப்பத் தலையைத் தூக்கியபோதுதான் பார்த்தேன். காற்றே இல்லை, கதிர்கள் ஆடிக்கொண்டிருந்தன. புளியமரத்துப் பக்கம் பாதிக் கொல்லையில் கதிருக்கு ஒன்றாகக் கிளி உட்கார்ந்திருந்தது.

அப்புறம் தட்டினோம், கத்தினோம், இறங்கி ஓடினோம். கிளிகள் எழுந்து புளியமரத்தில் போய் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப இறங்கின. ருசி கண்ட கூட்டம் மறுநாளும் வந்தது, வேறு கூட்டத்தையும் கூட்டி வந்தது, அறுப்பு வரைக்கும் விடவில்லை. அன்று மதியம் களி கொண்டுவந்த அத்தை தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் கசக்கி ஊதினார். உமிதான் பறந்தது. எங்களைத் திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். "சாப்புடுங்க, ஆறிப்போவுது" என்றார், அவ்வளவுதான். விஷயம் தெரிந்து அப்பா என்மேல் கையை ஓங்கியபோதும், "வுடுங்கண்ணா, வெளையாடுற வயசு. மழையும்தான் ஏமாத்திடுச்சு, புள்ளைய அடிச்சு என்னாவுது?" என்று குறுக்கே நின்றார். அன்றைக்கு நாலு அடி விழுந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

பொங்கல் கழிந்ததும் அத்தை மாட்டை எங்கள் வீட்டில் கட்டிவிட்டு மூட்டை முடிச்சோடு பெங்களூர் கிளம்பினார். இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு காவேரி பஸ்ஸில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. பஸ் உறுமத் தொடங்கியதும் தலையை வெளியே நீட்டி, "படிச்சு முடிச்சுடு புள்ள. வர்றப்ப சொல்லணும்" என்றாள். தலையை ஆட்டினேன்.

நான் படிக்கவில்லை. அந்தப் புத்தகத்தைத் தகரப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டு, இனி இதைத் தொடமாட்டேன் என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்தேன். அதுதான் எனக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனை, அதைச் செய்துவிட்டால் பாவம் கொஞ்சம் கழியும் என்று அப்போது நம்பினேன். பிறகு எப்போதோ பெட்டியைத் திறந்தபோது உள்ளே கரையான் மண்தான் இருந்தது.

காவேரி திரும்பப் பள்ளிக்கூடம் போகவில்லை. அத்தை சித்தாள் வேலைக்குப் போனபோது தம்பியைப் பார்த்துக்கொண்டாள், அவன் வளர்ந்ததும் அவளும் மணல் சுமந்தாள், பிறகு தையல் கம்பெனி, கல்யாணம், எல்லாம் பெங்களூரிலேயே. நான் படித்தேன், வேலைக்குப் போனேன், அலமாரி நிறையப் புத்தகம் வாங்கினேன். கல்யாணங் காட்சிகளில் பார்த்துக்கொள்ளும்போது அத்தை இதைச் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்: "எங்க வூட்டுப் பொண்ணுங்க ராக்கெட்டு வுட்டாங்க, கிளிங்க சோளத்த முடிச்சுதுங்க." பந்தியே சிரிக்கும், நானும் இலையைப் பார்த்துச் சிரிப்பேன். காவேரி மட்டும் அந்தப் பேச்சில் கலந்துகொண்டதே இல்லை. அவள் என்னை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இத்தனை வருசமும்.

இந்த ஆடியில் ஊருக்கு வந்த காவேரி, தன் மகள் யாழினியையும் கூட்டி வந்திருந்தாள். பெண் எட்டாவது படிக்கிறாள், வாயைத் திறந்தால் கிரகம், பால்வெளி. தமிழில் ராக்கெட் கதை கொடுங்கள் அத்தை என்று என்னைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எனக்குக் கை எழவில்லை. சாயங்காலம் மூன்று பேரும் கொல்லைப் பக்கம் நடந்தோம். கொல்லை எங்கே இருக்கிறது? அதை விற்று எத்தனையோ வருசம் ஆகிறது. வெள்ளையும் சிவப்பும் அடித்த மனைக் கற்கள் வரிசையாக நின்றன. புளியமரம் இல்லை. கிளி இல்லை, வந்தாலும் தின்ன ஒரு கதிர் இல்லை. இங்கேதான் பரண் இருந்தது என்று என்னால் கை காட்டக்கூட முடியவில்லை. காவேரி ஒரு கல்மேல் உட்கார்ந்தாள். யாழினி தள்ளிப் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இனிமேலும் அடக்க முடியாமல், என்னால்தான் உன் படிப்பு போச்சு, என்னை நாலு வார்த்தை திட்டிவிடு என்று அவளிடம் கேட்டே விட்டேன்.

"நீ பாக்கறதுக்கு முன்னாடியே நான் பாத்துட்டேன், புள்ள" என்றாள். "பச்சப்பச்சையா எறங்குச்சுங்க. குச்சி மடியிலதான் இருந்துச்சு."

ஏன் தட்டவில்லை என்று கேட்டேன்.

"அந்தாளுக்குக் கயிறு அறுந்துபோற எடம். எப்பிடித் தட்டுவேன்?"

அவள் மணலைக் காலால் தள்ளிக்கொண்டே, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தேன், ஜனங்களுக்கு நடுவில் கேட்கக் கூச்சமாக இருந்தது என்றாள்.

"அவன் கப்பலுக்குத் திரும்பி வந்தானா, இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். வந்துவிட்டான் என்று ஒரு வார்த்தை. வாய் வரவில்லை. அன்றைக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை, கரையான் தின்றுவிட்டது, எனக்கும் தெரியாது என்றேன். காவேரியின் முகம் மாறியது. அத்தனை வருசத்தில் அவள் என்மேல் கோபப்பட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"சோளந்தான் போச்சு. கதையயாச்சும் நீ படிச்சு வச்சிருக்கக் கூடாதா?"

மறுநாள் இருவரையும் தருமபுரிக்குக் கூட்டிப்போய், என் அலமாரியில் இருந்த விண்வெளிக் கதைகளையெல்லாம் யாழினியின் பைக்குள் அடைத்தேன், ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துத்தான். படித்து முடித்ததும் ஒவ்வொரு கதையின் முடிவையும் உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். ஆனால் காவேரி கேட்ட கதை அந்தப் பைக்குள் இல்லை. பழைய புத்தகக் கடைகளில் தேடுகிறேன், பெயர் தெரியாத ஒன்றை எப்படிக் கேட்டு வாங்குவது? இதைப் படிக்கிற உங்களில் யாராவது, கல்மழையில் ஓட்டையான கப்பலையும் கயிறு அறுந்து வெளியே நின்றுபோன ஒருவனையும் எந்தக் கதையிலாவது பார்த்திருந்தால், அவன் திரும்பினானா என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள். காவேரி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.