கிளட்சின் மேல் இடது கால்

டயரின் வால்வில் காற்று அளக்கும் கேஜை அமுக்கி, முள் ஓரிடத்தில் நிற்கும் வரை மூச்சைப் பிடித்துக்கொள்வார் ஓட்டுநர். மூன்று சக்கரங்கள் சுலபம். நாலாவது சுவரோரம் இருப்பது. அதற்காக வயிற்றை எக்கிக்கொண்டு, சுவருக்கும் காருக்கும் நடுவே பக்கவாட்டில் நழுவிப் போவார். நேற்று இருந்த காற்று இன்றும் அப்படியே இருக்கும். அதில் அவருக்கு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

"வாரம் ஒரு தடவை பாத்தா போதும்னு புக்லயே போட்டிருக்குப்பா," என்பாள் மாடிப்படியில் உட்கார்ந்து ஷூ கட்டும் மகள்.

"புக் எழுதினவன் இந்தத் தெருவுல ஓட்டினானா?" என்பார்.

ஆனால் காரோடு வந்த அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான். பென்சிலால் கோடு வேறு போட்டிருக்கிறார். பானெட்டைத் திறந்து ஆயில் குச்சியை உருவுவார். துணியில் துடைத்து, திரும்பச் செருகி, மறுபடி உருவி, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்ப்பார். கூலன்ட் தொட்டியின் கோட்டைக் குனிந்து பார்ப்பார். "எதுனா குறைஞ்சா முன்னாடி லைட் எரியும்ல?" என்று பக்கத்து வீட்டுத் தையல்காரர் ஒருமுறை கேட்டுவிட்டார். "லைட் எரிஞ்சப்புறம் பாக்கறதுக்குப் பேரு பராமரிப்பு இல்லைங்க. துக்கம் விசாரிக்கிறது," என்றார் ஓட்டுநர்.

இவ்வளவும் ஆன பிறகு மனைவி இறங்கி வருவாள். கைப்பையைப் பக்கத்து இருக்கையில் வைப்பாள். ஓட்டுநர் தன் காலுக்கு ஏற்றபடி கடைசி வரை பின்னால் தள்ளி வைத்திருக்கும் இருக்கையை, ஒன்றும் சொல்லாமல் முன்னால் இழுத்துக்கொள்வாள். கண்ணாடியைத் திருத்துவாள். பெல்ட்டைப் போடுவாள். கார் தண்ணீரில் விட்ட காகிதக் கப்பல் மாதிரி சத்தமில்லாமல் வாசலை விட்டு நகரும். அவர் கையில் எண்ணெய்த் துணியோடு நின்றுகொண்டிருப்பார்.

இதில்தான் அவருக்கு மனசு ஆறவில்லை.

இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுபவர் அவர். கடைசி நிறுத்தத்தில், லாரிகள் இரண்டு பக்கமும் அடைத்து நிற்கும் முட்டுச்சந்தில், மற்ற ஓட்டுநர்கள் முன்னும் பின்னும் நாலு தடவை போய் வந்து திருப்பும் பேருந்தை ஒரே முறையில் ஸ்டியரிங்கை ஒடித்துத் திருப்பிவிடுவார். பணிமனையில் அவர் பெயரே 'ஒரே ஒடி'தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாயில்காப்பாளருக்குக்கூடத் தெரியாது.

மனைவி மருத்துவமனையில் இரத்தம் எடுப்பவள். அவள் கையைப் பற்றியும் ஒரு பேச்சு உண்டு. "குத்தினதே தெரியலம்மா" என்று சொல்லாத நோயாளி இல்லை. இருவரும் சேர்ந்து கார் வாங்கலாம் என்று முடிவானபோது அவர் சிரித்துக்கொண்டே, "நீயும் பேருக்கு ஒரு லைசென்ஸ் எடுத்து வச்சுக்கோ," என்றார். அவள் இரண்டு மாதம் பயிற்சிக்குப் போனாள். முதல் தேர்விலேயே தேறினாள். கார் வாசலுக்கு வந்து இறங்கியது. ஒரே வாரத்தில் அது யாருடையது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

பேருந்தில் ஓட்டுநர் முன்சக்கரத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருப்பார். முனையைத் தாண்டிப் போய்த்தான் திருப்பத் தொடங்க வேண்டும். அந்தப் பழக்கத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் தன் கைக்கு வரும் காரையும் இவர் முனை தாண்டிப் போய்த் திருப்ப, அது எதிர்ப்பக்கத்து நடைபாதை வரை போய் நின்றது. உயரத்தில் உட்கார்ந்து ஊரையே பார்த்துப் பழகியவருக்குக் காரில் முன்னால் போகிறவனின் முதுகைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. பின்னால் எடுத்தால் வண்டி பீப் பீப் என்று கத்தியது. "யாருகிட்ட கத்தறே?" என்று ஒருநாள் அதைக் கேட்டேவிட்டார். மகள் பின் இருக்கையில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா ஓட்டினா எனக்குத் தூக்கம் வந்துடும். அப்பா ஓட்டினா பிடிச்சுக்கக் கம்பியத் தேடணும்," என்று அவள் சித்தியிடம் தொலைபேசியில் சொன்னது சமையலறை வரை கேட்டது. சித்தி அங்கே சிரித்த சிரிப்பும் கேட்டது. ஓட்டுநர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அன்று தேய்த்த குக்கர் புதிது போல ஆயிற்று.

வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? கட்டிய மனைவி நன்றாகக் கார் ஓட்டுகிறாள் என்று எந்த ஆணாவது புகார் சொல்வானா? அதனால் அவர் வேறு வழியில் பங்கு கேட்டார். காரைக் கழுவுவது அவர். மெழுகு தேய்ப்பது அவர். மிதியடியை உதறுவது அவர். வைப்பரின் ரப்பரை விரலால் தடவிப் பார்த்து, "இன்னும் ஒரு மழைதான் தாங்கும்," என்று தீர்ப்புச் சொல்வதும் அவர். இரண்டாவது மழையையும் அது தாங்கியது. அந்த ரப்பர் மேலேயே அவருக்குக் கோபம் வந்தது.

ஒருநாள் மதியம் நாலு முனைச் சிக்னலில் பேருந்தை நிறுத்தினார். நெருக்கமாகப் பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. மேலிருந்து பார்த்தபோது, தான் அன்று காலை துடைத்த கூரை என்று தெரிந்தது. உள்ளே அவள் தனியாக இருந்தாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. அவள் வாய் அசைந்தது. யாரோடோ பேசுகிறாளோ என்று பார்த்தார். இல்லை, பாடிக்கொண்டிருந்தாள். ஸ்டியரிங்கில் இரண்டு விரல்களால் தாளம் வேறு.

பதினெட்டு வருடமாக அவளோடு வாழ்பவர் அவர். அவள் முணுமுணுத்துக்கூடக் கேட்டதில்லை. 'என்னிடம் பாடாதவள் இந்தத் தகரத்திடம் பாடுகிறாளா?' என்று தனக்குள் கேட்டுக்கொண்டார். அவள் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை. விளக்கு பச்சையானதும் கார் வழுக்கிக்கொண்டு போயிற்று. இவர் கிளட்சை விட்ட வேகத்தில் பேருந்து ஒரு குதி குதித்தது. "யோவ், பாத்து எடுய்யா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இருபத்திரண்டு வருடத்தில் அவர் காதில் விழாத வார்த்தை அது.

சாயங்காலம், "இன்னைக்கு எந்தப் பக்கம் போன?" என்று மட்டும் கேட்டார்.

"வழக்கமான பக்கம்தான். ஏங்க?"

"டயர்ல சேறு இருந்துச்சு. அதான்."

கார் வாங்கிய ஏழாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலைமேல் இருந்த மனைவியின் அக்கா வீட்டுக்குக் கிளம்பினார்கள். "மலை ரோடு. நான் ஓட்டறேன்," என்று சாவியை அவர் முதலிலேயே எடுத்துக்கொண்டார். அவள் மறுக்கவில்லை.

பாதி மலையில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. மேலே எங்கோ ஒரு லாரி பழுதாகியிருந்தது. ஓரடி நகர்வதும் நிற்பதுமாக ஏற வேண்டியிருந்தது. பிரேக்கைப் போடுவது கௌரவக் குறைச்சல் என்று, வண்டி பின்னால் போகாதபடி பாதிக் கிளட்சிலேயே பிடித்து நிறுத்திக் காட்டினார். மகள் மூக்கைச் சுருக்கினாள்.

"அப்பா, ஏதோ தீயற வாடை வருது."

"முன்னாடி நிக்கிற லாரியோடது. ஜன்னல ஏத்திக்கோ."

ஜன்னலை ஏற்றிய பிறகு வாடை இன்னும் அதிகமாயிற்று. அடுத்த வளைவில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமியது, கார் நகரவில்லை. பின்னால் ஹாரன்கள். ஓட்டுநரின் காது மடல் சிவந்தது.

"எனக்குக் கொஞ்சம் தல சுத்துது," என்றாள் மனைவி. "ஓரமா நிறுத்துங்களேன். இறங்கி நின்னா சரியாயிடும்."

அவளுக்கு மலையில் தலை சுற்றியதே கிடையாது. அது அவருக்கும் தெரியும். ஓரமாக உருட்டி நிறுத்தினார். அரை மணி நேரம் காற்று வாங்கினார்கள். பிறகு அவள், "மீதி தூரம் நான் எடுக்கட்டுமா? முன்னாடி பாத்துக்கிட்டு இருந்தா சுத்தல் தெரியாது," என்றாள். அவர் பக்கத்து இருக்கைக்குப் போனார். தாயின் மடியில் போட்ட பிள்ளை போல் கார் ஏறியது.

மறுநாள் வேலை முறையை மாற்றிக்கொண்டு, பணிமனைக்குப் பக்கத்திலேயே அவரைத் தெரிந்த ஒர்க்ஷாப்புக்கு அவளோடு போனார். தலைமை மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"கிளட்ச் பிளேட் போச்சு. ஏழே மாசத்துல இப்படித் தேஞ்சு நான் பாத்ததில்ல." மனைவியைப் பார்த்தார். "நீங்கதான் ஓட்டறீங்களாம்மா? புதுசா பழகினவங்க எல்லாரும் செய்யறதுதான் இது. ஓட்டறப்ப எல்லாம் கால கிளட்ச் மேலயே வச்சிருக்கீங்க. வீட்டுலயே இவ்வளவு பெரிய டிரைவர வச்சுக்கிட்டு… அண்ணன்கிட்ட கத்துக்கக் கூடாதா?"

ஓட்டுநர் குனிந்து, நன்றாகவே இருந்த டயரை அமுக்கிப் பார்த்தார்.

"சரிங்க," என்றாள் மனைவி. "இனிமே பாத்து ஓட்டறேன்."

காரை விட்டுவிட்டு இருவரும் பேருந்தில் திரும்பினார்கள். வெகு நாளைக்குப் பிறகு பயணியாக உட்கார்ந்திருந்த அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மூன்று நிறுத்தம் கழிந்தது.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"எப்படி?"

"கால் வச்சது நீன்னு."

அவள் ஜன்னல் பக்கமிருந்து திரும்பினாள். "அவர் என்னப் பாத்துதானே கேட்டாரு. உங்களப் பாத்துக் கேட்டிருந்தா நீங்க சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்போமா என்று அவர் யோசித்துப் பார்த்தார். அதற்குள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிட்டது.

அடுத்த நாள் முழுக்கப் பேருந்தில் தன் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கியர் மாற்றி முடித்த பிறகும் அது கிளட்சின் மேலேயே கிடந்தது. எடுத்தால் தானாகத் திரும்பிப் போய் உட்கார்ந்தது. ஓட்டுவது அவள், நன்றாக ஓட்டுவது அவள், பாடுவது அவள். போகட்டும். செய்த தப்பு ஒன்றுதான் அந்தக் காரில் முழுக்க முழுக்க அவருடையது. அதையும் அவளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதை அவரால் பொறுக்க முடியவில்லை.

மூன்றாவது நடைக்கும் நாலாவது நடைக்கும் நடுவே இருபது நிமிடம் இடைவெளி. டீ குடிக்காமல் ஒர்க்ஷாப்புக்கு வேகமாக நடந்தார். மெக்கானிக் காரின் அடியில் படுத்திருந்தார். அவருடைய கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன. அந்தக் கால்களிடம்தான் ஓட்டுநர் சொன்னார்.

"தம்பி, கிளட்ச்ல கால் வச்சு ஓட்டினது நான். அவ இல்ல."

கால்கள் அசையாமல் இருந்தன. பிறகு மெக்கானிக் சறுக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்களா?"

"நான்தான். மலைல பாதிக் கிளட்ச்ல நிறுத்தினதும் நான்தான்."

மெக்கானிக் சிரிக்கப் போய், அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "பஸ் கிளட்ச் கல்லு மாதிரிண்ணே. கால வச்சாலும் அசையாது. இது பஞ்சு. உங்க கால் பாரமே இத அமுக்கிடும். பக்கத்துலயே கால் வைக்கன்னு ஒரு மேடை இருக்கு பாருங்க, அதுல வைக்கணும்." கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அப்ப அக்கா ஏன் தன் மேல போட்டுக்கிட்டாங்க?"

"அதான் எனக்கும் பொறுக்கல," என்றார் ஓட்டுநர். நாலாவது நடைக்கு நேரமாகிவிட்டது.

புதன்கிழமை வண்டி தயாரானது. மனைவி மருத்துவமனையிலிருந்து நேராக வந்தாள். அவரும் இடைவேளையில் காக்கிச் சட்டையோடு வந்து சேர்ந்தார். மெக்கானிக் சாவியைக் கொடுத்தபடி, "அண்ணன் நேத்தே வந்து சொல்லிட்டாருக்கா," என்றார். அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். சாவியை அவர் பக்கம் நீட்டினாள்.

அவர் அந்தச் சாவியைப் பார்த்தார். கை கொஞ்சம் எழுந்தது. அப்புறம் சட்டைப் பையைத் தடவிவிட்டுக் கீழே இறங்கியது.

"நீயே எடு. எனக்கு டியூட்டி இருக்கு."

ஒர்க்ஷாப் முற்றம் குறுகல். காரைப் பின்னால் எடுத்துத்தான் சாலைக்கு இறங்க வேண்டும். சாலையில் வண்டிகள் இடைவெளி விடாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் காரில் ஏறிக் காத்திருந்தாள். ஓட்டுநர் நேராக நடுச்சாலைக்குப் போய் வலது கையை உயர்த்தினார். ஒரு வேன் நின்றது, அதன் பின்னால் இரண்டு கார்கள் நின்றன, அவற்றின் பின்னால் அவர் பணிமனையைச் சேர்ந்த பேருந்து ஒன்றும் வந்து நின்றது. அதன் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார்.

"என்னப்பா, நீ ஓட்டலியா?"

அவர் உயர்த்திய கையை இறக்கவில்லை. கார் பின்னால் வந்து, வளைந்து, சாலைக்கு நேராக நின்றது. எங்கேயும் ஒரு குலுக்கல் இல்லை. அதைப் பார்க்க அவருக்கு இப்போதும் வயிறு எரிந்தது. கிட்டே போய், காரின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி, இருபத்திரண்டு வருடமாக நடத்துனர்கள் சொல்லக் காதால் மட்டுமே கேட்டிருந்த சொல்லை முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னார்:

"ரைட். போலாம்."