நான்காம் இடத்து நத்தைகள்

2011 ஜனவரி 3: இரண்டு.
ஜனவரி 10: ஒன்றுமில்லை.
ஜனவரி 17: மூன்று.
ஜூலை 4: நூற்று நாற்பத்தொன்று.
ஜூலை 11: நூற்று அறுபத்தேழு.

மின்ஸா சல்லடையைக் கவிழ்த்துத் தட்டி, பாசியைக் கிளறி, நத்தைகளைப் பொறுக்கித் தகர டப்பாவில் போடுகிறாள். பத்து நத்தைக்கு ஒரு சோளமணி இடுப்புப் பைக்குள் போகும். முவான்ஸா நகருக்கு வடக்கே எங்கள் ஏரிக்கரையில் ஏழு இடங்கள். திங்கள்தோறும் இடத்துக்குக் கால் மணி நேரம். முடித்ததும் மீன் எடைபோடும் கொட்டகைக்கு வந்து மணிகளையும், பத்து சேராத மிச்ச நத்தைகளையும் என் மேசையில் இடவாரியாகக் கொட்டுவாள். அவளுக்கு எழுதத் தெரியாது. பன்னிரண்டு ஆண்டுகளாக நான்தான் எழுதுகிறேன்.

"எழுதுங்க பெரியவரே. மறுபடி எண்ணாதீங்க, நான் எண்ணியாச்சு."

எண்ணிவிட்டுத்தான் எழுதுவேன்.

"ஒரு நாளாவது தப்பு புடிச்சிருக்கீங்களா?"

பிடித்ததில்லை.

எங்கள் பெண்கள் பெரியவர்களைக் கண்டால் முழங்கால் மடித்து வணங்குவார்கள். மின்ஸா என் முன்னால் விறைப்பாக நிற்பாள். "என் முட்டி நத்தைக்கு மட்டுந்தான் மடங்கும். நீங்க என்ன, சம்பளமா தர்றீங்க?" சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் இருக்காது. தண்ணீரில் இறங்கும்போது தொடைவரை ரப்பர் பூட்ஸ் போடுவாள். அந்த நத்தைகளிலிருந்து கண்ணுக்குத் தெரியாத புழு தண்ணீரில் இறங்கும். நிற்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஆண்டுக்கணக்கில் இருந்து ஈரலைக் கெடுக்கும். எந்தத் துறையில் நத்தை அதிகமோ, அந்தத் துறைப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கொரு முறை மாத்திரையும், பெரியவர்களுக்கு அங்கே குளிக்க வேண்டாமென்ற எச்சரிக்கையும் வரும். அதற்காகத்தான் இந்த எண்ணிக்கை.

நான்காம் இடம் தட்டைப் பாறை. அவளுடைய மருமகன் லுஹெண்டே விடியலில் வலை இழுத்துவிட்டு அங்கேதான் குளிப்பான்; முற்பகல் முழுவதும் அங்கேயே வலை காயவைப்பான். எங்கள் வழக்கப்படி மருமகன் குளிக்கும் இடத்தை மாமியார் ஏறிட்டும் பார்க்கக் கூடாது; எதிரே வந்தால் பாதையை விட்டு விலகி முதுகு காட்ட வேண்டும். ஆகவே மற்ற ஆறு இடங்களையும் காலையில் முடித்துவிட்டு, நண்பகலுக்குப் பிறகே தட்டைப் பாறைக்குப் போவாள். அதற்குள் பெண்கள் துவைத்து முடித்து, கால் வழுக்காமலிருக்கப் பாசியை வாரிக் கரையில் எறிந்திருப்பார்கள். நத்தைகள் பாசியோடு போய்விடும்.

"அக்கா, மருமகன் போயாச்சு, வாங்க!" என்று கூவுவார்கள். "உங்களுக்கு பயந்து நத்தையும் போயாச்சு!"

"போகட்டும்டி, எனக்கு வேலை மிச்சம்," என்பாள்.

அவள் சொன்ன இரண்டை இரண்டென்றும், ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லையென்றும் எழுதினேன். எண்ணிய வேளையை நான் எழுதியதேயில்லை.

ஜூன் மாதம் லுஹெண்டே படகிலேயே இரத்த வாந்தி எடுத்தான். வயிறு வீங்கி, கால்கள் குச்சியாகியிருந்தன. ஈரல் கெட்டுப்போய் நாளாயிற்று என்றார் மருத்துவர். அதன்பின் அவன் பாறைக்கு வரவில்லை. வழி விட வேண்டிய ஆள் இல்லாததால், ஜூலை நான்காம் தேதி மின்ஸா முதல்முறையாக விடியலிலேயே அங்கே சல்லடை போட்டாள். இரவில் அலை ஒதுக்கிய பாசி இன்னும் வாரப்படாமல் கிடந்தது.

அன்று பதினான்கு மணிகளையும் ஒரு நத்தையையும் மேசையில் வைத்தாள். மறுபடி எண்ணாதீங்க என்று சொல்லவில்லை.

"இத்தனை வருசமும் இருந்திருக்கு, பெரியவரே. மரியாதைன்னு ஒதுங்கி ஒதுங்கியே அவன படுக்க வெச்சுட்டேன்."

தட்டைப் பாறையை ஒட்டிய குடிசைகளில் முப்பத்தொரு பிள்ளைகள். ஒருவருக்கும் ஒருமுறைகூட மாத்திரை வந்ததில்லை. அவர்களில் இருவர் லுஹெண்டேயின் பிள்ளைகள். மாத்திரை அனுப்பும் சுகாதார அலுவலகத்துக்கு எழுதினேன். ஆகஸ்டில் பதில் வந்தது: பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி நான்காம் இடம் சுத்தமானது.

"நம்ம நோட்டே நம்ம வாய அடைக்குது பாருங்க," என்றாள்.

மறுபடி எழுதினேன். இந்த முறை ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் வேளையைக் குறித்தேன். பழைய எண்களுக்கும், அவளைக் கேட்டுக் கேட்டு.

அடுத்த கடிதத்தைக் கொட்டகையில் படிக்க வேண்டாமென்று என்னை லுஹெண்டேயின் வீட்டுக்கு அழைத்துப் போனாள். உள்ளே அவன் படுத்திருந்தான். வாசலுக்கு முதுகைக் காட்டி, துணியால் முகத்தை மூடிக்கொண்டு நின்றாள். "சத்தமா படிங்க. உள்ள கேக்கணும்." படித்தேன்: முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் அடுத்த மாதம் மாத்திரை.

உள்ளே ஒரு இருமல் கேட்டது. மின்ஸா திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே, மணலில் மெல்ல முழங்கால் மடித்தாள்.

கடிதம் வந்தது 2011 செப்டம்பர் 22.