ஷிப்ட் ரிப்போர்ட்டில் ஒரு 'பிகாஸ்'

வயரை எந்தத் துளையில் சொருக வேண்டும் என்று எங்கள் தொழிலில் ஒரே வாரத்தில் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்; அது ஏன் கழன்றது என்று இங்கிலீஷில் எழுதத்தான் ஆறு வருஷம் பிடிக்கும். ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் கம்பெனியில் நான் ஆபரேட்டர். பெயர் இசக்கியம்மாள், ஊர் கோவில்பட்டி. லைன் லீடர் ஆக வேண்டுமென்றால் ஒரு மாதம் ஷிப்ட் ரிப்போர்ட்டை இங்கிலீஷில் தானே எழுத வேண்டும், தினமும் சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். இந்த முறை ஆகியே தீருவது என்று இறங்கினேன். ரிப்போர்ட் நோட்டைத் திறந்ததும் கை வியர்க்கும் அன்பர்களே, உங்களுக்குத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

முதல் நாள்

'லைன் ஸ்டாப். சென்சார் ஃபெயில். கம்ப்ளெயின்ட் கிவன். லைன் ஸ்டார்ட்.' இதுதான் என் முதல் ரிப்போர்ட். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை, பெருமையாகத்தான் நீட்டினேன். சூப்பர்வைசர் தேவராஜ் சார் வாலாஜாபாத்காரர்; திட்டுவதைக்கூடச் சிரித்துக்கொண்டே செய்வார். நோட்டை எட்டப் பிடித்துப் படித்தார்.

"இன்னாம்மா இது, ரிப்போர்ட்டா மளிகை லிஸ்ட்டா? எதால எது ஆச்சுன்னு ஒண்ணுமே தெர்லியே."

டிபன் பாக்ஸ் மூடி

நான் தங்கியிருக்கும் வடக்குப்பட்டு ரூமில் இலக்கணப் புத்தகத்தோடு மல்லுக்கட்டினேன். நாம் 'வந்தால்', 'வந்தாலும்', 'வரும்வரை' என்று எல்லாவற்றையும் வினைச்சொல்லின் வாலிலேயே ஒட்டிவிடுகிறோம். இங்கிலீஷ்காரன் அதற்கென்று தனி வார்த்தை வைத்து, அதை வாக்கியத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறான். பிகாஸ், இஃப், ஆல்தோ, அன்டில், ஆஃப்டர் என்று ஐந்தையும் டேப்பில் எழுதி டிபன் பாக்ஸ் மூடியில் ஒட்டிக்கொண்டேன்.

என் பக்கத்து டேபிள் கிரேஸி, தண்டலத்துப் பெண், கேன்டீனில் என்னைக் கேள்வி கேட்பாள். "பிகாஸ் தி சென்சார் ஃபெயில்ட்" என்று சொல்லி நிறுத்தினேன். "சரி, அதனால?" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு முனையை மாட்டிவிட்டு மறுமுனையைத் தொங்கவிட்ட வயர் அது. இரண்டு முனையும் மாட்டினால்தானே எங்கள் டெஸ்ட் போர்டில் பச்சை விளக்கு எரியும்? சந்தோஷம் தாங்காமல் அதைக் கிரேஸியிடம் சொன்னேன்.

"அப்போ உன்னியும் போர்டுல மாட்டி பாத்துட வேண்டியதுதான், இன்னும் பச்சை எரியலடி."

பாதி படித்த முருகன்

மூன்றாம் வாரம் கொஞ்சம் தலைக்கனம் வந்திருந்தது. 'மெயின்டனன்ஸ் ஆள் சோதித்த பிறகு இரண்டாம் டெஸ்ட் போர்டைப் பயன்படுத்தவும்' என்பதை இங்கிலீஷில் நீட்டி எழுதிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். நான் எழுதிய வரிசையில் 'பயன்படுத்தவும்' முன்னால் வந்தது, 'சோதித்த பிறகு' கடைசிக்குப் போனது. இலக்கணப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் எங்கள் ஷிப்ட் மாறும் நேரம் உங்களுக்குத் தெரியாதா? வருகிறவர் நிற்காமலே நோட்டைப் பார்ப்பார், அதற்குள் லைன் ஓட ஆரம்பித்துவிடும். அடுத்த ஷிப்ட் லீடர் முருகன் என் ஊர்ப்பக்கத்துக்காரர். சோதிக்காத போர்டை எடுத்து ஓட்டிவிட்டார். ஒரு வண்டி நிறைய வயர் கட்டைத் திரும்பப் பிரித்துப் பார்க்க வேண்டியதாயிற்று. மறுநாளிலிருந்து நிபந்தனையை முதலில் எழுதத் தொடங்கினேன்.

"யூஸ் பண்ணுன்னு போட்டிருந்திய, பண்ணிட்டேன், மிச்சத்த வாசிக்க எனக்கு எங்க தாயி நேரம்?"

எப்போதும் எழுதுவது

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது கார் கம்பெனியிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. உள்ளே இருந்த வயர் கட்டு ஒன்றில், வயர் கழலாமல் பிடிக்கும் லாக் இல்லை. அதை டெஸ்ட் போர்டில் மாட்டிப் பார்த்து அனுப்பியது சரண்யா. கான்ட்ராக்டில் சேர்ந்து நாலு மாதம்தான் ஆகிறது. எங்கள் நோட்டில் இதற்கென்று ஒரு வரி வழிவழியாக இருக்கிறது: 'ஆபரேட்டர் கவனக்குறைவால்.' பழைய பக்கத்தைப் பார்த்து எழுதினால் முடிந்தது. கான்ட்ராக்ட் பிள்ளைக்கு அந்த வரி வந்தால் வேலையும் முடிந்தது.

ஆனால் அந்தப் பெட்டி தயாரான அன்று காலையிலேயே, லாக் சரியாக விழுந்தால் வர வேண்டிய சத்தம் போர்டில் வரவில்லை என்று சரண்யா சொல்லியிருந்தாள். மெயின்டனன்ஸ் வரும்வரை ஓட்டு என்று சொன்னது தேவராஜ் சார். தலையாட்டியது நான். "எப்பவும் எழுதுற மாரியே எழுதிடும்மா" என்றார் சார். அவர் கையெழுத்து இல்லாவிட்டால் என் மாதம் வீண். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. போர்டு வேலை செய்யாததால் குறை தெரியவில்லை என்று பிகாஸ் போட்டு எழுதினேன். ஆபரேட்டர் முன்பே சொல்லியும் நாங்கள் ஓட்டினோம் என்று ஆல்தோ போட்டு எழுதினேன். 'நாங்கள்' என்பதை மட்டும் இரண்டு முறை படித்துப் பார்த்தேன். மாற்றவில்லை.

சார் படித்தார். அன்று சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

"என்னியும் மாட்டி வுட்டு, நீயும் மாட்டிக்கினியே, இப்போதாம்மா எதால எது ஆச்சுன்னு தெளிவா கீது."

சரண்யா இன்றும் அதே போர்டில்தான் நிற்கிறாள்; அந்த 'நாங்கள்' புண்ணியத்தில் இந்த முறை லீடர் பட்டியலில் என் பெயர் வராவிட்டாலும், மூன்று ஷிப்டின் ரிப்போர்ட்டையும் திருத்தித் தரச் சொல்லி இப்போது என்னிடம்தான் நீட்டுகிறார்கள் என்பதால், அடுத்த பட்டியல் வரும்வரை நான் இந்த நோட்டை விடுவதாக இல்லை.