எங்களுக்கு மட்டும் புதிய மீன்கள்

அடையாறில் என் நரம்பியல் ஆய்வகத்தில் நாங்கள் ஆறு பேர். ஆறு பேரும் சைவம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நடந்த கூத்துக்கெல்லாம் காரணம் அதுதான்.

மனிதர்கள் தெரிந்ததை விட்டுவிட்டுப் புதியதை எப்போது எடுக்கிறார்கள் என்பது எங்கள் ஆராய்ச்சி. மூளையின் மின்னோட்டத்தைப் பதியும் ஒரு தொப்பியைத் தலையில் மாட்டி, திரையில் மூன்று படங்களைக் காட்டுவோம். ஒன்றைத் தொட வேண்டும். பரிசு விழலாம், விழாமலும் போகலாம். பார்த்துப் பழகிய படங்களுக்கு நடுவே திடீரென்று ஒரு புதுப் படம் வரும். அதைத் தொடுகிறார்களா என்று கவனிப்போம். நானோ பல வருடங்களாக மயிலாப்பூரில் ஒரே கடையில் ஒரே ரவா தோசை சாப்பிடுகிறவள்!

புதுப் படங்களுக்காக என் மாணவி கடல் மீன்களைத் தேடிக் கொண்டுவந்தாள். முதலில் நாங்களே உட்கார்ந்து பார்த்தோம். ஒருவருக்கும் ஒரு மீனின் பெயர்கூடத் தெரியவில்லை. "சூப்பர்! இதைவிடப் புதுசு கிடைக்காது" என்று ஒப்புதல் கொடுத்தது சாட்சாத் நான்தான்.

மயிலாப்பூரிலிருந்து வந்தவர்கள் மீன்களை ஆசையாகத் தொட்டார்கள். பக்கத்திலேயே கடற்கரையில் இருக்கும் மீனவர் குப்பமான பட்டினப்பாக்கத்திலிருந்து வந்தவர்கள் சீண்டவே இல்லை. கடலோரக் குடும்பங்களுக்குப் புதுமையில் நாட்டம் குறைவு என்று மாணவி தன் ஆய்வேட்டில் ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாள். மூன்று வருட உழைப்பு. இரண்டு வாரத்தில் அதை ஆய்வுக் குழுவின் முன் வைக்க வேண்டும். அவர்கள் ஏற்காவிட்டால் பட்டம் தள்ளிப்போகும்.

பட்டியலில் மிச்சமிருந்து கடைசியாக வந்தவர் பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் ஓர் அக்கா. பாதியில் தொப்பியோடு என் பக்கம் திரும்பினார்.

"இன்னா மேடம், புத்சா படம் வரும்னீங்க. எல்லாம் எங்க கடையில கீறதையே காட்டிக்கினு கீறீங்க? தோ, இது திருக்கை. அது கடம்பா. இந்தப் பேத்தை வலையில வந்தாலே தூக்கிப் போட்டுருவோம். அதப் போய் யாராச்சும் தொடுவாங்களா?"

மாணவி, "மேம், என் சாப்டர் போச்சு" என்று அழ ஆரம்பித்தாள். எனக்கு என் மேலேயே ஆத்திரம். கூடவே அடக்க முடியாத சிரிப்பு. பிறந்ததிலிருந்து மயிலாப்பூரில், அந்த மீன் கடைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறேன். ஒரு நாள் எட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கூத்து நடந்திருக்குமா?

"அழுவாத கண்ணு. மறுபடி உக்காந்தா போச்சு. எங்க ஆளுங்கள நான் இட்டாரேன்" என்றார் அக்கா.

இம்முறை வெறும் கோடுகளையும் வளைவுகளையும் வைத்துப் படங்கள் போட்டோம். பரிசோதித்தது அக்காதான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். "இது கோலம் மாறி கீது, வாணாம். இது எங்க ஊட்டு கேட்டு டிசைனு." கடைசியில் ஒரு படத்தை முறைத்துப் பார்த்து, "இது இன்னான்னே தெரில மேடம்" என்றார். மாணவி கைதட்டினாள். அக்காவுக்கு இன்னதென்று தெரியாதவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

மயிலாப்பூர்க்காரர்களையும் திரும்ப அழைத்தோம். பட்டினப்பாக்கத்துக்காரர்களை அக்கா ஆட்டோ ஆட்டோவாக இறக்கினார். இப்போது புதுப் படம் வந்தால் போதும், கை பறந்தது. முன்பு சோர்ந்து கிடந்த அவர்களுடைய வரைபடக் கோடு மயிலாப்பூரையும் தாண்டி ஏறியது. மாணவி பழைய அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். குழு ஏற்றுக்கொண்ட அன்று என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். நானும் குதித்தேன், என் வயதுக்கு அது கொஞ்சம் ஓவர்தான்.

மறுநாள் காலை இருவரும் பட்டினப்பாக்கம் போனோம். எனக்கு அதுதான் முதல் தடவை. அக்காவிடம் முடிவைச் சொன்னேன். "புதுசுன்னா நீங்க எல்லாரும் பாய்ஞ்சு எடுக்கறீங்கக்கா. உங்க மூளையே அப்படித்தான் சொல்லுது."

அக்கா மீனை வெட்டிக்கொண்டே சிரித்தார். "அதுக்கு மெசினு வேற வேணுமா? வலையில இன்னா வரும்னு தெரிஞ்சா, எவன் மேடம் கடலுக்குப் போவான்?"

மாணவி பையிலிருந்து நோட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டாள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தேன். "சரிக்கா, இதுக்கு என்ன பேரு?"