மெத்தைக்காரர் காருக்கு மாற்றுச் சாவி

ஊரில் பாதிக் கார்களின் சீட்டுகளுக்கு உறை தைத்துப் போட்டவர் அவர். எல்லோரும் மெத்தைக்காரர் என்றே கூப்பிட்டார்கள். தையலில் புலி, ஒரு கோணல், ஒரு பிசிறு பார்க்க முடியாது. ஆனால் கையில் வைத்திருந்ததை எங்கே வைத்தோம் என்பது மட்டும் அவருக்கு நினைவில் நிற்காது. அதை ஒருநாளும் அவர் ஒத்துக்கொண்டதில்லை. எது காணாமல் போனாலும் யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதே அவர் கட்சி.

வருஷக்கணக்காக ஊரார் காருக்கே தைத்துக்கொண்டிருந்தவர், ஒருவழியாகத் தன் காருக்கும் தைக்க உட்கார்ந்தார். பழுப்பு ரெக்சின், ஓரத்தில் சிவப்புப் பட்டை, இரட்டைத் தையல். டிரைவர் சீட்டுக்கு உறையை மாட்டி, அடிப்பக்கத்தைத் தைத்து மூடி, செல்லமாக இரண்டு தட்டும் தட்டிவிட்டுத் திரும்பினால், சாவியைக் காணோம். ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய கார் என்பதால், வாங்கும்போதே ஒரே சாவிதான் வந்தது. சொருகித் திருகும் சாவி இல்லை, காருக்குள் இருந்தாலே போதும், பட்டனை அழுத்தினால் கிளம்பும் ரகம்.

"மாப்ளதான் கடைசியா எடுத்தான்" என்றார்.

மாப்பிள்ளை என்றது மனைவியின் தம்பியை. முந்தின நாள் காரை இரவல் வாங்கிப் போனவன். "உங்க கையிலதானே மாமா குடுத்தேன்" என்றான் அவன்.

"குடுத்திருந்தா கையில இருக்கணுமே" என்று இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டினார் மெத்தைக்காரர்.

தம்பிக்கு முகம் சுண்டிப்போனது. அக்காவின் பாடு மத்தளம் பாடு, இரண்டு பக்கமும் இடி. கார் வேறு பட்டறைக்குள் நின்றுகொண்டு, கதவைச் சாத்தினால் பூட்டாமல் 'பீப் பீப்' என்று கத்தியது. சாவி போன துக்கம் அதற்கும் இருக்கிறது என்றார் அவர்.

மறுநாள் சாவிக்காரர் வந்தார். புதுச் சாவிக்குக் காரை அறிமுகம் செய்து வைப்பதுதான் அவர் தொழில். உறை பிரிக்காத சாவியைத் தையல் மேஜைமேல் வைத்துவிட்டு, டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, "பிரமாதமா தைச்சிருக்கீங்க" என்றார். மெத்தைக்காரருக்கு உச்சி குளிர்ந்தது. சாவிக்காரர் ஸ்டியரிங்குக்குக் கீழே தன் மிஷினைச் சொருகினார். திரையைப் பார்த்துக்கொண்டே புருவத்தைச் சுருக்கினார்.

"ஒரு சாவி உள்ளேயே இருக்குன்னு சொல்லுதே."

"உங்க மிஷின் பழசோ?"

சாவிக்காரர் பிரேக்கை மிதித்து, ஸ்டார்ட் பட்டனை அழுத்தினார். கார் சமர்த்தாகக் கிளம்பியது. அணைத்துவிட்டு இறங்கி, மெத்தைக்காரரை உட்காரச் சொன்னார். கிளம்பியது. மனைவி உட்கார்ந்தாள். அவளுக்கும் கிளம்பியது. வாசலில் முறைத்துக்கொண்டு நின்ற தம்பியும் வந்து அழுத்திப் பார்த்தான்.

"நான் தொலைச்சிருந்தா இது எப்படி மாமா ஓடுது?"

சாவியே இல்லாதபோது பட்டனை யார் அழுத்திப் பார்ப்பார்கள்? மெத்தைக்காரர் மேலே ஓடும் மின்விசிறியை ஆராய ஆரம்பித்தார்.

சாவிக்காரர், வயிற்றுவலிக்காரனை வைத்தியர் அமுக்குவதுபோல், சீட்டை அங்கங்கே அமுக்கிக்கொண்டே வந்தார். தொடை படும் இடத்தில் கை நின்றது. "இது என்ன?"

"பஞ்சு."

"பஞ்சுக்கு மூலை இருக்குமா?"

அதற்குள் மனைவி கத்தரிக்கோலோடு வந்து நின்றாள். மெத்தைக்காரருக்குத் தன் தையலைத் தானே அறுக்கக் கை வரவில்லை. "இப்படியே இருந்துட்டுப் போகட்டுமே. இனிமே தொலையவே தொலையாது" என்றார்.

"திருடனுக்கும் ரொம்ப வசதி" என்றார் சாவிக்காரர்.

மனைவியே அறுத்தாள். ஸ்பாஞ்சுத் துகள் அப்பிய சாவி வெளியே வந்தது.

எல்லோரும் சிரித்தார்கள், சாவிக்காரரைத் தவிர. அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "போன வருஷம் என் வண்டிக்கும் நீங்கதான் தைச்சீங்க. அன்னையிலேர்ந்து இங்க ஒரு குத்து. எக்ஸ்ரே வரைக்கும் எடுத்துட்டேன்."

நால்வரும் தெருவில் நின்ற அவர் வண்டிக்குப் போனார்கள். சாய்மானத்தைப் பிரித்ததும் வட்டமாக, அளவெடுக்கும் ஸ்டீல் டேப் ஒன்று வந்து விழுந்தது. மெத்தைக்காரர் தொலைந்த பிள்ளையைக் கண்டதுபோல் அதை எடுத்துத் துடைத்தார்.

"அதையும் நான்தான் எடுத்தேன்னு சொன்னீங்க மாமா" என்றான் தம்பி.

மெத்தைக்காரர் தொண்டையைக் கனைத்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாத வாய். "மாப்ள, காரை எப்ப வேணும்னாலும் எடுத்துட்டுப் போ. கேக்கவே வேண்டாம்" என்றார். தம்பிக்கு அது போதுமாயிருந்தது.

சாவிக்காரர் புதுச் சாவியையும் காருக்குப் பழக்கிக் கொடுத்தார். அவருடைய சாய்மானத்தை அங்கேயே, அப்போதே தைத்துக் கொடுத்தார் மெத்தைக்காரர். அதைத் தைத்து முடிக்கும்வரை மனைவி எதிரே நாற்காலி போட்டுக்கொண்டு அவர் கைகளையே பார்த்திருந்தாள். சாவிகள் இரண்டும் அவள் பிடியில்.

அன்றிரவு மெத்தைக்காரருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டார். "சும்மாதான் விசாரிக்கிறேன். சீட்டு சுகமா இருக்கா? எங்கேயாவது குத்துதா?"

பெரும்பாலும் இல்லை என்றார்கள். பல் டாக்டர் மட்டும் ஆச்சரியப்பட்டுப் போனார். "ஆமா, இடது பக்கம் ஏதோ உறுத்துது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அனுபவம்தான் சார்" என்றார் மெத்தைக்காரர்.