வண்டி மட்டும்

ஸ்டாண்டில் அவருக்கு அரைக்கிளட்ச் என்று பெயர். பிக்கப் வண்டி வைத்து வீடு மாற்றிக்கொடுப்பவர். வயது அறுபத்தொன்று, இடது முழங்கால் மட்டும் அவரைவிடப் பத்து வயது மூத்தது. முப்பது வருடமாக அடுத்தவர்களுடைய பீரோக்களை மாடியிலிருந்து இறக்கியதில் வந்த மூப்பு. ஊரில் யார் எந்த அலமாரிக்குப் பின்னால் எதை ஒளித்து வைத்திருந்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவர் வீட்டில் அலமாரியே கிடையாது. மனைவி போன பிறகு ஒரே அறை, ஒரே கட்டில், சுவரில் ஆறு ஆணி.

"எனக்கெதுக்கு சாமான்? அப்புறம் அதையும் மாத்த நானே வரணும்" என்பார். இந்த நகைச்சுவைக்கு முதல் ஐந்து வருடம் ஸ்டாண்டில் சிரித்தார்கள்.

பட்டப்பெயருக்குக் காரணம் அவருடைய வண்டி. கிளட்ச் பெடலை மிதித்தால் இன்ஜினும் சக்கரமும் பிரியும், விட்டால் சேரும். எந்த உயரத்தில் விடும்போது சேருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள வண்டியில் பெடல் பாதி வழி வந்ததும் பிடிக்கும். தவிர, மிதிக்கத் தொடங்கும் இடத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு வெற்று ஆட்டம் இருக்கவேண்டும். அது எதற்கு என்று கேட்டால், எதற்கும் இல்லாமல் சும்மா இருப்பதற்குத்தான். உள்ளே இருக்கும் கிளட்ச் பிளேட் தேயத் தேய அந்த ஆட்டம் குறையும். அவ்வப்போது வண்டிக்கடியில் படுத்து, கேபிளின் நட்டைத் தளர்த்தி, அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

அவர் கொடுக்கவில்லை. ஆட்டம் முழுவதும் போய், பெடல் மேலே வந்து முட்டும் கடைசி நூலிழையில்தான் வண்டி பிடித்தது. இதில் அவருக்கு ஒரு சௌகரியம் இருந்தது. லேசாக மிதித்தால் போதும், முழங்காலுக்கு வேலையில்லை. வண்டியைச் சரிசெய்வதற்குப் பதிலாக, அது கெட்டுப்போன விதத்துக்குத் தக்கபடி தன்னைச் சரிசெய்துகொண்டார். பிறகு அதையே தன் திறமை என்றும் நம்பினார். பிளேட் சீக்கிரம் சீக்கிரமாகத் தேய்ந்தது; பழியைச் சாலையின் மேல் போட்டார். நன்றாக ஓடுவதாகச் சொல்லப்படும் பல குடும்பங்களின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான்.

இன்னொரு சௌகரியமும் உண்டு. அந்த வண்டியை யாரும் இரவல் கேட்கமுடியாது. ஒருமுறை பால்வண்டிக்காரர் கேட்டு வாங்கிப்போய், ஸ்டாண்டின் வாசலைத் தாண்டுவதற்குள் ஏழு முறை இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியைக் கையில் பிடித்தபடி நடந்து வந்தார்.

"யோவ், இது வண்டியா இல்ல கோவிச்சுக்கிட்ட சம்பந்தியா? எங்க தொட்டாலும் துள்ளுது."

"பழகணும்பா."

"பழகறதுக்குள்ள எனக்கு மூணாவது பேரன் பொறந்துடுவான்."

அதன்பின் யாரும் கேட்கவில்லை. இரவல் வாங்க யாரும் வராததால், திருப்பிக் கொடுக்கவும் யாரும் வரவில்லை.

ஒரு புதன்கிழமை மகள் போன் செய்தாள். பஸ்ஸில் இரண்டு மணி நேரத் தூரத்தில் கணவனோடு இருப்பவள். வருடத்துக்கு இரண்டு முறை பேசுவாள், இது மூன்றாவது.

"அப்பா, வீடு மாத்தறோம்."

அவர் மனம் அங்கேயே மாடியேறிவிட்டது. "எத்தனாவது மாடி? படி திரும்புதா, நேரா இறங்குதா?"

"ரெண்டாவது. ஞாயித்துக்கிழமை மாத்தறோம்பா."

"நான் சனிக்கிழமையே வந்து பாத்துடறேன். எது முதல்ல இறங்கணும்னு ஒரு கணக்கு இருக்கு..."

"அப்பா." குறுக்கிட்டாள். "வண்டி மட்டும் போதும். நானே வந்து எடுத்துக்கறேன். சாயங்காலம் கொண்டுவந்து விட்டுடறேன். நீங்க எதுக்கு அலையணும், முட்டி வேற."

முட்டி வேற. பெற்ற மகள் என்பதால் காரணத்தைக்கூட அவர் உடம்பிலிருந்தே எடுத்துக் கொடுத்தாள்.

உண்மையான காரணம் இருவருக்கும் தெரியும். நான்கு வருடத்துக்கு முன் அவர்கள் வீடு மாற்றியபோதும் இவர்தான் போயிருந்தார். மருமகன் கட்டிய கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். மூன்றாவது முறை அவிழ்த்தபோது, தெருவே கேட்கும்படி, "மாப்ள, நீங்க நகருங்க. இது படிச்சவங்க செய்யற வேலை இல்ல" என்றார். மருமகன் நகர்ந்தார். கையில் ஒரு தண்ணீர்க் குடத்தோடு நடைபாதைக்குப் போனவர், கடைசிச் சாமான் ஏறும்வரை அதைக் கீழே வைக்காமல் நின்றார். ஒரு கண்ணாடி டம்ளர்கூட உடையாமல் வீடு மாறியது. அதன்பின் மருமகன் இவரோடு பேசவில்லை.

வியாழனும் வெள்ளியும் அவர் ஒரே யோசனையில் இருந்தார். யோசனை அப்படியொன்றும் கௌரவமானதல்ல. அவள் வண்டி ஓட்டிப் பல வருடமாகிறது; வண்டியை உள்ளபடி விட்டுவிட்டால் அவளால் தூரமாய் ஓட்டமுடியாது. நடுவழியில் நின்று, "அப்பா, வாங்க" என்று போன் செய்வாள். இவர் போவார். எல்லோரையும் நகரச் சொல்லாமல், மிகவும் அடக்கமாக, ஸ்டியரிங்கைப் பிடிப்பார். இந்தக் காட்சியைப் பலமுறை ஓட்டிப் பார்த்ததில் ஒரு சிக்கல் தெரிந்தது. வண்டி அங்கே நிற்கும்போது இவர் எதில் போவார்? பஸ்ஸில்தான். இரண்டு மணி நேரம். அதுவரை அவள் எங்கே நிற்பாள்? மேம்பாலத்தின் ஏற்றத்தில். முழு லோடு. பின்னால் லாரி. கிளட்ச் துள்ளி, இன்ஜின் அணைந்து, வண்டி பின்னால் உருள்கிறது. காட்சி அதற்கு மேல் ஓடவில்லை.

சனிக்கிழமை மதியம் ஒர்க் ஷாப்புக்குப் போனார். அங்கே மெக்கானிக் ஒரு பெண்மணி. பதினோரு வருடமாக இந்த ஒரு நட்டைப் பற்றி இவரிடம் சொல்லி அலுத்தவர்.

"பன்னெண்டாம் நம்பர் ஸ்பானர் ரெண்டு குடும்மா."

"எதுக்குண்ணே?"

"கிளட்சுக்கு."

அந்த அம்மாள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, வெளியே வந்து வானத்தைப் பார்த்தார். "மழை வர்ற மாதிரி தெரியலையே. நான் சொல்லிச் சொல்லித் தொண்டை போச்சு. இப்ப யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"விடுங்க, நான் செய்யறேன். அந்த முட்டிய வச்சுக்கிட்டு கீழ படுக்காதீங்க."

"நான்தான் செய்யணும்" என்றார். ஸ்பானர்களை அவரே எடுத்துக்கொண்டார்.

அடியில் படுத்தார். துருவேறிய பூட்டு நட்டு லேசில் அசையவில்லை. எண்ணெய் விட்டுக் காத்திருந்து, பிறகு திருகினார். கேபிளைக் கொஞ்சம் தளர்த்துவது, எழுந்து வந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்ப்பது, மறுபடி படுப்பது. ஐந்தாவது முறை ஒரு விரற்கடை கிடைத்தது. நட்டை இறுக்கிவிட்டு வண்டியில் ஏறி மிதித்தார். பெடல் அடிவரை போனது. முழங்காலில் ஊசி ஏறியது. அவ்வளவு கனமான பொருளை அவர் சமீபத்தில் எந்த மாடியிலிருந்தும் இறக்கியதில்லை.

ஞாயிறு காலை மகள் வந்தாள். அறைக்குள் வராமல், வாசலில் நின்றே தண்ணீர் குடித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டாள். ஏறினாள், ஸ்டார்ட் செய்தாள். வண்டி ஒரு முழம் துள்ளி நின்றது. மறுபடியும் துள்ளி நின்றது. மூன்றாவது தடவையும் அப்படியே.

"என்னப்பா, பிடிக்கற இடம் மாறியிருக்கு?"

"சரி பண்ணேன்."

"எப்போ?"

"நேத்து."

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். "நான் கத்துக்கிட்டதே இந்த வண்டியிலதானே. மேல வந்து முட்டினாத்தான் பிடிக்கும்னு, பஸ்ஸுல வர்ற ரெண்டு மணி நேரமும் கால அழுத்தி அழுத்திப் பழகிக்கிட்டு வந்தேன். பக்கத்து சீட்டு அம்மா, காலு இழுக்குதா கண்ணுன்னு கேட்டாங்க."

அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் வருவதற்குள் நான்காவது முயற்சியில் வண்டி கிளம்பிவிட்டது. தெருமுனையில் இரண்டாவது கியர் விழும்போது வழக்கமாக வரும் குலுக்கல்கூட இல்லை.

அன்று வண்டியில்லாமல் ஸ்டாண்டுக்கு நடந்து போனார்.

"வண்டி எங்கய்யா?" என்றார் பால்வண்டிக்காரர்.

"வீடு மாத்தப் போயிருக்கு."

"நீ போகல?"

"ஆள் தேவைப்படல."

அதற்கு ஒரு பதில் கிண்டல் பால்வண்டிக்காரரின் வாய்வரை வந்தது. ஏனோ சொல்லாமல் டீயை நீட்டினார்.

பொழுது சாய்வதற்குள் மகள் திரும்பிவிட்டாள். வண்டியின் பின்பக்கம் சுத்தமாகப் பெருக்கியிருந்தது. கயிறு ஓரமாகச் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அவர் அதைக் கையிலெடுத்துப் பார்த்தார். சிக்கில்லாமல், நுனி உள்ளே செருகி, இவர் சுற்றுகிற அதே முறையில்.

"யாரு சுத்துனது?"

"அவருதான்."

ஒரு குறை கிடைக்குமா என்று இன்னொரு முறை பார்த்தார். கிடைக்கவில்லை.

"எல்லாம் வந்துடுச்சுப்பா. பீரோ மட்டும் பாக்கி, படித் திருப்பத்துல வரல. பழைய வீட்டுச் சாவி இந்த மாசம் பூரா எங்ககிட்டதான். அடுத்த ஞாயிறு வந்து வண்டி எடுத்துக்கறேன்."

படித் திருப்பத்தில் பீரோவை எப்படி இறக்குவது என்று இந்த ஊரில் இவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இல்லை. கதவு இரண்டையும் கழற்றவேண்டும், நிமிர்த்தி நிறுத்தவேண்டும், கால் பக்கத்தை முதலில் திருப்பவேண்டும். மூன்று வாக்கியம். முதல் வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார். நடைபாதையில் குடத்தோடு நின்ற மருமகன் கண்ணுக்குத் தெரிந்தார்.

"இன்னொரு கயிறு சீட்டுக்குப் பின்னாடி இருக்கு" என்றார்.

"சரிப்பா."

"கிளட்ச் எப்படி இருந்தது?"

"நல்லா இருந்துச்சு. அந்தப் பாலத்துல ஏறும்போது பயந்துகிட்டே போனேன், ஒண்ணுமே ஆகல." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினாள்.

திங்கட்கிழமை வண்டியை எடுத்தார். பழைய பழக்கத்தில் லேசாக மிதித்தார். கியர் கரகரவென்று கத்தியது. முழுதாக மிதித்து, பழைய உயரத்தை நம்பிச் சட்டென்று காலை விட்டார். வண்டி துள்ளி அணைந்தது. ஸ்டாண்டின் வாசலில் இரண்டு முறை, சிக்னலில் ஒரு முறை.

"அரைக்கிளட்ச், எல் போர்டு ஒண்ணு எழுதி மாட்டித் தரட்டுமா?" என்று கத்தினார் பால்வண்டிக்காரர். முப்பது வருடத்தில் அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய மகிழ்ச்சி அது.

புதன்கிழமை ஒர்க் ஷாப் வாசலில் வண்டியை நிறுத்தி, நொண்டிக்கொண்டு இறங்கினார். மெக்கானிக் அம்மாள் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"முட்டி வலிக்குதா? இதுக்கெல்லாம் அடம் பிடிக்காதீங்கண்ணே. கொஞ்சம் மேலயே பிடிக்கற மாதிரி வச்சுத் தரேன். ரெண்டு நிமிஷ வேலை."

அவர் வண்டியின் பெடலைப் பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய ஸ்பானர்களைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை வண்டிக்கு ஆள் வருது" என்றார். "அதுவரைக்கும் இருக்கட்டும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறமும் ஏதாவது சாமான் பாக்கி இருக்கும்."

அன்று மாலை அறைக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, இடது பாதத்தைத் தரையில் ஊன்றி அழுத்தினார். அடிவரை. முழங்கால் முனகியது. பிறகு மெல்ல விட்டார். பாதி வழியில் நிறுத்தினார். மறுபடி அழுத்தினார்.